துரும்பு கொடுத்தார்கள், தீர்ந்தது!

பிரம்மதேசம்! பெயரே போதும், யாருக்காக எழுதிவைக்கப்பட்ட ஊர் என்பது விளங்கிவிடும். அந்தப் பெயர் தாங்கிய ஊர்கள் தமிழகத்தில் பல. விழுப்புரம் மாவட்டத்திலேயே இரண்டு: ஒன்று எண்ணாயிரத்தை ஒட்டியது, மற்றொன்று திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ளது. மன்னன் நிலத்தை அளந்து, வரியை நீக்கி, வேதியருக்கென்று கல்லிலோ செப்பேட்டிலோ வெட்டிவைத்தால் அது பிரமதேயம். எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று வேதக் கல்லூரியைப் பற்றிப் பேசுகிறது. மாணவர் 340 பேர். ஆசிரியர் 14 பேர். வேதம், மீமாம்சை, வேதாந்தம், இலக்கணம்—எல்லாம் கற்பித்தார்கள். உணவுக்கு நெல்லும் உண்டு. நெல்லை விளைவித்தவன் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

கற்பித்தவர்களின் சாத்திரத்திலே மணம் என்பது முடிச்சு. ஒருமுறை விழுந்தால் அவிழாதது. விற்றாலும் விலக்கினாலும் மனைவி கணவனைவிட்டு விடுபடமாட்டாள் என்பது மனுவின் ஒன்பதாம் அத்தியாயத்துக் கட்டளை. கணவனுக்கோ கவலையில்லை, ஒருத்தி பிடிக்காவிட்டால் இன்னொருத்தியைக் கொண்டுவர அதே சாத்திரம் வாசற்கதவை அகலத் திறந்துவைத்திருந்தது. பூட்டு அவளுக்கு, திறவுகோல் அவனுக்கு!

ஆனால், பிரம்மதேசத்து வயலிலே உழுதவன் வீட்டையும் நாற்று நட்டவள் வீட்டையும் அந்தச் சாத்திரமா ஆண்டது? இல்லை, தோழர்களே! இங்கேதான் நம் வரலாற்று ஆசிரியர்கள் போதிய வெளிச்சம் பாய்ச்சாத ஒரு பக்கம் இருக்கிறது.

சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த தர்ஸ்டன், 1909-இல் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். தென்பாண்டி நாட்டுக் கள்ளர்களைப் பற்றிய பகுதியில் ஒரு செய்தி வருகிறது. கணவன் மனைவி பிரிய நினைத்தால், இனத்தார் கூடியிருக்க, கணவன் ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து மனைவி கையிலே கொடுப்பான். அவ்வளவுதான். "துரும்பு கொடுத்தான்" என்றால் விலக்கினான் என்று பொருள். "துரும்பு வாங்கினாள்" என்றால் அவள் விடுதலை பெற்றாள் என்று பொருள். மந்திரமில்லை, முகூர்த்தமில்லை, கோத்திரம் கேட்கும் புரோகிதன் இல்லை. ஒரு துரும்பு!

வேறு பல குலங்களிலும் வழக்கம் இதைப்போன்றதே, சடங்குதான் வேறு. கட்டிய தாலியை ஊரார் முன் கழற்றிக் கொடுப்பதுண்டு. வாங்கிய பரிசத்தையும் கலியாணச் செலவையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதுண்டு. போனவள் மறுமணம் செய்துகொள்ளலாம். "அறுத்துக் கட்டும் சாதி" என்று நம்மிடையே ஒரு சொல் வழங்குகிறதே, அது எந்தத் தொனியில் வழங்குகிறது என்பதைக் கவனித்தீர்களா? இழிவுத் தொனியில்! ஒவ்வாத கணவனை விட்டு விலகி, ஒத்த மனத்தானுடன் வாழும் உரிமை எந்தக் குலத்திலே பெண்ணுக்கு இருந்ததோ, அந்தக் குலம் தாழ்ந்தது. எந்தக் குலத்தில் எட்டு வயதிலே தாலியறுத்தவள் எண்பது வயதுவரை மூலையிலே முடங்கினாளோ, அந்தக் குலம் உயர்ந்தது! இந்தத் தலைகீழ்த் தராசை நம்பிப் பல குலத்தார் தாங்களும் "உயர" எண்ணினர். உயர்வதற்கு அவர்கள் முதலில் விட்டுக் கொடுத்தது தங்கள் பெண்களின் விடுதலையை.

அந்தப் பழைய வழக்கத்துக்கு நீதிமன்றத்திலும் ஒரு சான்று கிடைத்தது. ஒரு குலத்தில் கணவனும் மனைவியும் உடன்பட்டு, ஒருவர் மற்றவருடைய கலியாணச் செலவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மணத்தை முறித்துக்கொள்ளலாம், மறுமணமும் செய்யலாம் என்ற வழக்கம் இருந்தது. அது ஒழுக்கத்துக்கு விரோதமானது, செல்லாது என்று வாதம் எழுந்தது. 1894-இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. அப்படிப்பட்ட வழக்கத்தில் ஒழுக்கக்கேடு ஏதுமில்லை என்றது.

அதே ஆண்டு இங்கிலாந்திலே நிலை என்ன தெரியுமா? 1857 வரை மணவிலக்கு வேண்டுமானால் பாராளுமன்றத்திலே தனிச் சட்டம் நிறைவேற்றவேண்டும். பிரபுக்களுக்கே கட்டுபடியாகும் பண்டம் அது. 1857-இல் நீதிமன்றம் வந்தது, ஆனால் ஒருவர் குற்றவாளி, மற்றவர் குற்றமற்றவர் என்று மெய்ப்பித்தாக வேண்டும். இருவரும் பேசி ஒப்புக்கொண்டு வந்தார்கள் என்று தெரிந்தால் மனு தள்ளுபடி! அப்படிப் பேசிவைத்து வருகிறார்களா என்று மோப்பம் பிடிக்கவே அரசின் சார்பில் ஓர் அதிகாரி இருந்தார். இருவரும் உடன்பட்டுப் பிரியலாம் என்று அந்நாட்டுச் சட்டம் சொன்னது 1969-இல். நடைமுறைக்கு வந்தது 1971-இல். ஆகவே, உடன்பாட்டு மணவிலக்கு மேல்நாட்டுச் சரக்கு, கப்பலேறி வந்த கழிசடை என்று கண்ணைக் கசக்கும் சனாதனிகளுக்கு விடை எளிது. கப்பலேறி வந்தது அதற்கான தடை. உடன்பாடு இந்த மண்ணிலே விளைந்தது.

வைதிகர் வீட்டுப் பெட்டியிலும் ஓர் ஏடு இருந்தது. 1905-இல் மைசூரில் சாமசாத்திரியார் கண்டெடுத்து, 1909-இல் அச்சான அர்த்தசாத்திரத்தில், ஒருவரையொருவர் வெறுத்தால் மணமக்கள் விடுபடலாம் என்றே விதி இருக்கிறது. ஆனால் தரும மணங்கள் என்று சொல்லப்படும் முதல் நான்குவகை மணங்களுக்கு அந்த விடுதலை இல்லையாம்! கன்னிகாதானம் வாங்கியவளுக்குக் கதவு சாத்தியது. காதலித்து மணந்தவளுக்கும் பரிசம் பெற்று மணந்தவளுக்கும் கதவு திறந்தது. தானமாகக் கொடுக்கப்பட்ட பசு கொட்டிலுக்குத் திரும்ப முடியுமோ?

பழைய குலவழக்கத்தைச் சொன்னேன் என்பதற்காக அதைப் பூசிக்கிறேன் என்று எண்ணவேண்டாம். பஞ்சாயத்திலே உட்கார்ந்தவர்கள் ஆண்கள். துரும்பைக் கொடுக்கும் கை பெரும்பாலும் ஆணின் கை. பரிசத்தைத் திருப்பித்தரத் தந்தையிடம் பணமில்லையானால், அந்தப் பெண் அடிபட்டுக்கொண்டு அங்கேயே கிடக்கவேண்டியதுதான். பிள்ளைகள் யாரிடம் என்ற கேள்விக்கு அவள் வாயிலிருந்து விடை பெற்ற பஞ்சாயத்துகள் எத்தனை இருக்கும்? உரிமை இருந்தது, சமமாக இல்லை. அந்தச் சமத்துவத்தைக் கேட்கத்தான் ஓர் இயக்கம் தேவைப்பட்டது.

திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு இரயிலேறினால் வழியிலே வரும் ஊர் செங்கற்பட்டு. அங்கே 1929 பிப்ரவரியில், டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் தலைமையில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடிற்று. பெண்ணுக்குச் சொத்துரிமை, விதவை மறுமணம், இவற்றோடு கணவன் மனைவி இருவருக்கும் மணத்தை முறித்துக்கொள்ளும் உரிமை வேண்டும் என்றும் தீர்மானம் செய்தார்கள். 'இருவருக்கும்' என்ற சொல்லிலேதான் புரட்சி இருந்தது. பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலிலே ஓர் அதிகாரத்தின் பெயரே 'கல்யாண விடுதலை'. மணம் தெய்வச் செயலானால் மனிதன் அதில் கைவைக்கக் கூடாது; மணம் இருவர் செய்துகொள்ளும் வாழ்க்கை ஒப்பந்தமானால், அந்த இருவருக்கே அதை முடித்துக்கொள்ளவும் உரிமை உண்டு. சுயமரியாதைத் திருமணத்தின் அடிப்படையே இதுதான். 1932-இல் பெரியார் சோவியத் நாட்டுக்குப் போனார். அந்த நாட்டில் 1917 டிசம்பரிலேயே உடன்பட்ட தம்பதியர் பதிவகத்தில் சொல்லிப் பிரிய ஆணை பிறந்துவிட்டது. இசுலாமியரின் மணம் தொடக்கம் முதலே ஒப்பந்தம். உடன்பட்டுப் பிரிவதற்கு 'முபாரத்' என்ற பெயரே உண்டு. ஆக, உலகில் இல்லாத ஒன்றையா செங்கற்பட்டிலே கேட்டார்கள்?

கேட்டது 1929-இல். சட்டம் கொடுத்தது எப்போது?

முதல் தவணை 1949-இல் வந்தது. சென்னை மாகாணத்தின் அந்த ஆண்டு ஆறாம் சட்டம், இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடுத்தது, மணவிலக்குக்கும் வழிசெய்தது. அந்தச் சட்டம் உருவானபோது மாகாணப் பிரதமராக இருந்தவர், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த இராமசாமி ரெட்டியார். பக்திமான், காங்கிரசுக்காரர், நம் அணியினர் அல்லர். தேவதாசி முறையை ஒழித்த 1947-ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் ஆட்சியிலே வந்ததுதான். நல்லதை யார் செய்தாலும் நல்லது என்று சொல்வதிலே நமக்குத் தயக்கமில்லை. ஆனால் மாகாணச் சட்டமும் குற்றத்தைக் காட்டினால்தான் விடுதலை தரும்.

டில்லியிலே அண்ணல் அம்பேத்கர் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை வைத்துக்கொண்டு போராடினார். மணவிலக்கு என்ற சொல்லைக் கேட்டதுமே, இந்து தருமமே இடிந்து விழுவதாக மடாதிபதிகள் கூக்குரலிட்டனர். மசோதா முடக்கப்பட்டது, 1951 செப்டம்பரில் அம்பேத்கர் அமைச்சர் பதவியைத் துறந்தார். பின்னர் அது துண்டு துண்டாக்கப்பட்டு, ஒரு துண்டு 1955-இல் இந்துத் திருமணச் சட்டமாக வந்தது.

அந்தச் சட்டத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். மணவிலக்கு வேண்டுமா? எதிராளி பிறரோடு தகாத வாழ்வு நடத்தவேண்டும், அல்லது மதம் மாறியிருக்கவேண்டும், தீராப் பைத்தியம், குட்டநோய், மேகநோய் என்று ஏதாவது இருக்கவேண்டும், துறவு பூண்டிருக்கவேண்டும், ஏழாண்டு காணாமற்போயிருக்கவேண்டும். கொடுமைப்படுத்தினான், கைவிட்டு ஓடினான் என்றால் அன்று முழு விலக்குக் கிடையாது. பிரிந்து வாழ அனுமதி மட்டும்தான். சரி, இருவரும் நல்லவர்கள், ஆனால் ஒத்துவரவில்லை, மரியாதையாகப் பிரிந்துவிடுகிறோம் என்று கைகோத்துக்கொண்டு வந்தால்? சட்டத்தின் 23-ஆம் பிரிவு குறுக்கே நின்றது. இருவரும் பேசிவைத்துக்கொண்டு வந்த மனு என்று நீதிபதி கண்டால் விலக்குத் தரக்கூடாது! ஒத்துப்போகாதவர்கள் என்பதால் பிரிய வந்தவர்களை, நீங்கள் ஒத்துப்போகிறீர்களே என்று சொல்லித் திருப்பியனுப்பிய சட்டம்! சென்னை நீதிமன்றம் 1894-இல் ஒழுக்கக்கேடு இல்லை என்றதை, விடுதலை பெற்ற நாட்டின் பாராளுமன்றம் 1955-இல் விலக்கிற்கே தடையாக்கி வைத்தது. ஆங்கிலேயன் போய்விட்டான், அவன் மோப்பக்காரன் மட்டும் தங்கிவிட்டான்.

விளைவு? நேர்மையானவர்கள் பொய் சொல்லக் கற்றார்கள். பிரியவேண்டுமானால் மனைவியின் நடத்தையில் சேற்றை வாரி இறைக்கவேண்டும். அல்லது கணவன் தன்மீதே சேற்றைப் பூசிக்கொள்ளவேண்டும். இன்னொரு சுற்றுவழியும் இருந்தது: 'என்னுடன் சேர்ந்து வாழ ஆணையிடுக' என்று ஒருவர் வழக்குப் போடுவார், ஆணை கிடைக்கும், மற்றவர் போகமாட்டார், இரண்டாண்டு கழித்து, ஆணை நிறைவேறவில்லை என்று காட்டி விலக்குக் கேட்கலாம். பிரிவதற்காகச் சேர்த்துவைக்கச் சொல்லும் நாடகம்! ஒவ்வொரு காட்சிக்கும் வக்கீல் கட்டணம், வாய்தாவுக்கு வாய்தா பஸ் கட்டணம். கிராமத்துக் கூலிக்காரிக்கு இது எட்டுமா?

இன்னொரு வேடிக்கை. 1954-இல் இயற்றிய சிறப்புத் திருமணச் சட்டத்தில், பதிவாளர் முன் மணந்தவர்கள் உடன்பட்டுப் பிரிய 28-ஆம் பிரிவு இடந்தந்தது. அதே பாராளுமன்றம், அடுத்தடுத்த ஆண்டு! பதிவேட்டில் கையெழுத்திட்டவனுக்கு அறிவு உண்டு, தீயைச் சுற்றியவனுக்கு இல்லை என்பதுதான் சட்டத்தின் தத்துவமோ? தீயையும் சுற்றாமல், பதிவாளரிடமும் போகாமல், மேடையிலே மாலை மாற்றிக்கொண்ட நம் தோழர்கள் இரண்டிலும் சேரவில்லை. 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. மணமே இல்லை என்றால் விலக்கு எதற்கு? அந்தப் பெண் மனைவி என்ற தகுதியே கேள்விக்குரியதாகி, ஜீவனாம்சம் கேட்கவும் தடுமாறவேண்டிய நிலை. அண்ணாவின் ஆட்சி 1967-இல் இயற்றி, 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், 7அ பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்த மணங்களையும் சேர்த்தே செல்லத்தக்கதாக்கிற்று. உள்ளே வரும் வாசல் சட்டப்படி ஆனபிறகுதான், வெளியே போகும் வாசலும் அவர்களுக்குச் சட்டப்படி கிடைத்தது.

1976 மே மாதம் 27-ஆம் நாள், இந்துத் திருமணச் சட்டத்தில் 13ஆ என்ற பிரிவு சேர்ந்தது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்த தம்பதியர், இருவரும் கையொப்பமிட்ட கூட்டு மனு கொடுக்கலாம். ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், மீண்டும் இருவரும் வந்து, ஆம், இதே எண்ணம்தான் என்று சொன்னால் மணம் முறியும். யாரும் யார் மீதும் பழிசுமத்த வேண்டியதில்லை. செங்கற்பட்டில் கேட்டதற்கும் டில்லியில் கொடுத்ததற்கும் இடையே 47 ஆண்டுகள். கிறித்தவர்கள் 2001 வரை காத்திருந்தார்கள். அவர்களை அதுவரை ஆண்டது 1869-ஆம் ஆண்டுச் சட்டம்.

பிரிந்து வாழ்வது என்றால் வேறுவேறு கூரை என்று பொருளில்லை. ஒரே வீட்டிலிருந்தும் கணவன் மனைவியாக வாழாதிருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் விளக்கிற்று. தீர்ப்பு வரும்வரை ஒருவர் மனம் மாறிச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதும் அதே தீர்ப்பு. ஆறுமாதக் காத்திருப்பு கட்டாயமல்ல, சமரச முயற்சி முடிந்து, பணம், பிள்ளை பற்றியெல்லாம் பேசித் தீர்த்திருந்தால் நீதிபதி அதைத் தள்ளிவிடலாம் என்று 2017-இல் சொல்லிற்று. மீளமுடியாமல் முறிந்த மணத்தை அரசியல் சட்டத்தின் 142-ஆம் பிரிவின்படி தானே முறிக்கலாம் என்று 2023-இல் ஐந்து நீதிபதிகள் கூறியது உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள அதிகாரம். அதைக் கேள்விப்பட்டு விழுப்புரத்திலிருந்து டில்லிக்கு இரயிலேற வேண்டாம்!

இத்தனையும் இருக்க, இன்றும் நடப்பதென்ன? ஊரிலே நாலு பெரியவர்கள் கூடுகிறார்கள். ஒரு முத்திரைத் தாள் வாங்குகிறார்கள். 'இன்று முதல் நமக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குகிறார்கள். நோட்டரி முத்திரையும் விழுகிறது. காரியம் முடிந்ததென்று கலைகிறார்கள். துரும்பின் பேரப்பிள்ளைதான் இந்த முத்திரைத் தாள்! ஆனால் துரும்புக்கு இருந்த வலிமை இதற்கு இல்லை. 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு குலவழக்கப்படியான விலக்கைக் காப்பாற்றி வைத்திருப்பது உண்மை. எனினும் அந்த வழக்கம் தம் குலத்தில் உண்டு, தொன்றுதொட்டு இடையறாது வருகிறது என்று நீதிமன்றத்திலே எடுத்துரைத்து மெய்ப்பிக்கவேண்டும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. "உயர" எண்ணி அந்த வழக்கத்தைக் கைவிட்ட குலத்தார் இன்று எதைக் காட்டி மெய்ப்பிப்பார்கள்?

மெய்ப்பிக்க முடியாவிட்டால் அந்தத் தாள் வெறுந்தாள். அதை நம்பி மறுமணம் செய்துகொண்டவள் சட்டத்தின் கண்ணில் மனைவியல்லள். அவளுக்குப் பிறந்த பிள்ளைகளைச் சட்டம் ஏற்கும், அவளை ஏற்காது. கணவன் இறந்தால் ஓய்வூதியம் முதல்மனைவிக்கே. இருதார மணத்துக்கு ஏழாண்டுவரை சிறை என்பது பழைய தண்டனைச் சட்டத்தின் 494-ஆம் பிரிவு. 2024 சூலை முதல் புதிய சட்டத்தின் 82-ஆம் பிரிவு. எண் மாறிற்று, சிறை மாறவில்லை. செலவுக்கு அஞ்சித்தான் முத்திரைத் தாளைத் தேடுகிறார்கள் என்பதை அறிவேன். வக்கீல் என்றால் ஆயிரக்கணக்கில் பறித்துவிடுவார் என்ற அச்சம். அந்த அச்சத்தை மூலதனமாக்கித்தான் ஊர்ப்பெரியவர்கள் பிழைக்கிறார்கள். அவர்களும் சும்மா தீர்த்துவைப்பதில்லை.

சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் இயற்றியது 1987. நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9. அதன் 12-ஆம் பிரிவு சொல்வதை நம் தோழர்கள் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்யவேண்டும். பெண் எவளாயினும், ஏழையோ பணக்காரியோ, அவளுக்கு அரசு செலவில் வழக்கறிஞர் உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கும் அப்படியே, ஆணானாலும். வருமானம் என்ன என்ற கேள்வி இவர்களுக்கு இல்லை. மற்ற ஆண்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. உடன்பாட்டு வழக்கிலே குறுக்கு விசாரணை இல்லை, சாட்சிக்கூட்டம் இல்லை. வழக்கறிஞரின் உழைப்பு பெரும்பாலும் மனுவை எழுதுவதிலேதான். குடும்பநல நீதிமன்றத்தில், 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்டாயமே இல்லை. ஆயினும் மனுவின் விதிகள் சரியாக எழுதப்படாவிட்டால் பின்னால் துன்பப்படுவது பெரும்பாலும் பெண். ஆகவே எழுதுபவர் சட்டம் அறிந்தவராக இருப்பது நல்லது.

என்னென்ன எழுதவேண்டும்? நகையும் பாத்திரமும் திரும்பக் கிடைத்தனவா. ஜீவனாம்சம் மொத்தமாகவா, மாதந்தோறுமா, எவ்வளவு. பிள்ளை யாரிடம், மற்றவர் எந்த நாளில் பார்க்கலாம், படிப்புச் செலவு யாருடையது. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு வரிகூட விடக்கூடாது. எந்த நீதிமன்றம் என்பதற்கும் சட்டம் வழிவிட்டிருக்கிறது: மணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், 2003 முதல் மனைவி தாய்வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் ஊர் என்றாலும், அந்த எல்லைக்குரிய நீதிமன்றத்தில் மனுப்போடலாம். திருமணப் பத்திரிகை, மேடையில் எடுத்த படம், இருவரின் அடையாளச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இவற்றை எடுத்துக்கொண்டு, திண்டிவனம் நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் போனால் போதும். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். எப்போதிலிருந்து பிரிந்து வாழ்கிறீர்கள் என்பது அங்கே எழும் முதற்கேள்விகளுள் ஒன்று. அந்தத் தேதியை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு போகட்டும்.